காரணம் என்ற கட்டம்

அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரி.
இரவுப் பதிவேடு என் கையில்.
பெயர், வயது, ஊர், கூட வந்தவர்.
கடைசிக் கட்டம் 'காரணம்',
ஒரு விரல் அகலம்.
அச்சடித்தவர்
காய்ச்சலை மட்டுமே நினைத்திருக்க வேண்டும்.

போன வாரம் ஆம்பூரிலிருந்து இக்பால் பாஷா,
ஷூ ஒட்டும் பசையில்
மோதிர விரலும் சுண்டு விரலும் ஒன்றாகி.
ஆம்பூரிலேயே ஆஸ்பத்திரி இருக்கே என்றேன்.
'அங்க போனா சூப்பர்வைசருக்குத் தெரிஞ்சிடும் சார்,
பந்தயத்துக்கு ஒட்டிக்கினது.'
நான் 'பசை' என்று மட்டும் எழுதினேன்.
பந்தயத்துக்கு இடமில்லை.

மால்டாவிலிருந்து ஒருவர்,
இரண்டு ராத்திரி ரயிலில்,
தொண்டையில் மீன் முள்.
காட்பாடியில் இறங்கி
'பெரிய ஆஸ்பத்திரி' என்று கேட்டிருக்கிறார்.
அவர் தேடியது டவுனுக்குள் இருப்பதை.
கைகாட்டியவர் ஏற்றிவிட்டது எங்கள் பஸ்ஸில்.
முள் விஜயவாடாவிலேயே இறங்கிவிட்டது,
அவர் மனைவி சைகையில் சொன்னாள்.
வந்தது வந்தோம்,
இல்லை என்று ஒரு டாக்டர் சொல்லட்டுமாம்.
டார்ச் அடித்துப் பார்த்து டாக்டர் தலையாட்டினார்.
அந்தத் தலையாட்டலுக்கு
இருவரும் இரண்டு கையால் கும்பிட்டார்கள்.

நேற்றைக்கு முந்தின நாள்
இரவு பதினொன்று நாற்பது.
ஜெயசுதா, முப்பத்தொன்று, பேரணாம்பட்டு.
கூட வந்தவர்: இல்லை.
மூன்று பஸ் மாறி வந்திருக்கிறாள்.
வயிற்று வலியா? இல்லை.
வாந்தி? இல்லை.
பிறகு?
பின்னால் நின்றவரைப் பார்த்தாள்,
ஜன்னல் கம்பிக்குள் முகத்தை நுழைத்தாள்.
'தாலிக்குண்டு முழுங்கிட்டேன். ரெண்டு.'
தவறிப் போயா?
'தண்ணி ஊத்திக்கினுதான்.'

எட்டில் ஆறு ஏற்கெனவே சேட்டுக் கடையில்.
மீதி இரண்டுக்கும்
அந்த ஆள் கழுத்தில் கைவைக்க எழுந்தபோது
அவள் அடுப்படியில் இருந்திருக்கிறாள்,
கையில் சொம்பும் இருந்திருக்கிறது.

குடியாத்தத்தில் இறங்கியிருக்கலாமே என்றேன்.
'அங்க கம்பவுண்டர் அவருக்கு மாமன் மவன்.'
டவுனில்?
'அங்க பில்லுக்கே இந்தக் குண்டு பத்தாது.'

பயிற்சி டாக்டர், மீசை சரியாக முளைக்காத பையன்,
எக்ஸ்ரேயை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தான்.
கறுப்பு வயிற்றில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள்,
ஒரு முற்றுப்புள்ளி போதாமல்
இன்னொன்றும் வைத்தது போல.
'ஒண்ணும் பண்ண வேணாம்மா,
ரெண்டு நாள்ல தானா வெளிய வந்துடும்.
வீட்டுக்குப் போங்க.'

'வீட்டுக்குப் போனா
அவருக்கு இல்ல வரும்?'

பையன் பேனாவை மூடினான்.
மறுபடி திறந்தான்.
'அட்மிஷன். வயிறு. கண்காணிப்பு'
என்று எழுதி நீட்டினான்.
படிப்பில் சொல்லித்தந்த கையெழுத்து இல்லை அது,
தெளிவாக இருந்தது.

பெண்கள் வார்டில் மறுநாளே தெரிந்துவிட்டது.
பிரசவம் முடிந்தவள் வாழைப்பழம் கொடுத்தாள்.
சர்க்கரைக்கு வந்த கிழவி
தன் பங்குக் கீரையைத் தள்ளினாள்.
காலை வெளிச்சத்தில்
வராண்டாவில் மேலும் கீழும் நடந்தாள் அவள்.
குடும்பத்துக்காக யாரும் நடப்பதைப் போல இல்லை,
சொத்து வாங்கப் போகிறவள் நடை.
எதிர்ப்படும் நர்ஸெல்லாம் புருவத்தால் கேட்டார்கள்,
அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

இன்று விடிகாலை நான் கணக்கு முடிக்கும் நேரம்
ஜன்னலில் வந்து நின்றாள்,
தலைகுளித்த ஈரம்,
முந்தானை முனையில் சிறு முடிச்சு.
வந்துச்சா என்றேன்.
'எழுதிடாதீங்க சார்.'

எழுதத்தான் வேண்டும், ஏதாவது.
காரணம் கட்டத்தைப் பார்த்தேன்.
பக்கத்துக் கட்டத்தில்
'குணமடைந்து வெளியேறினார்' என்று எழுதிவிட்டு
அதில் யார், எது என்று
யோசித்துச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.
அவள் அடக்கவில்லை.

டீ வாங்க வெளியே போனேன்.
வேலூர் போகும் பஸ்கள்
இந்தப் பக்கம் நின்று நின்று போயின,
குடியாத்தம், பேரணாம்பட்டுக்கு
அதில்தான் போக வேண்டும்.

ஜெயசுதா எதிர்ப்பக்கம் நின்றிருந்தாள்.
திருவண்ணாமலை போர்டு போட்ட பஸ் வந்தது.
முடிச்சை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு
முன்படியில் ஏறினாள்.