மூன்று பக்கம் நீர்

கோவா டிக்கெட்
காத்திருப்பு நாற்பத்தொன்றிலேயே நின்றுவிட்டது.
மாலாடிலிருந்து ஷேர் ஆட்டோ, மார்வே படித்துறை.
"இந்த வருசத்து டூர் இதுதான்" என்றார் தவசிலிங்கம்,
மந்திரி திட்டம் அறிவிக்கிற தோரணையில்.

படகில் எங்களோடு
மூன்று ஸ்கூட்டர், ஒரு சிலிண்டர்,
கால் கட்டிய இரண்டு கோழி.
உட்கார இடம் பார்ப்பதற்குள் மனோரி வந்துவிட்டது.
"அவ்ளோதானா?" என்றாள் மகிழ்மொழி.
ஆறாம் வகுப்பு. தீபகற்பம் அவளுக்கு இரண்டு மதிப்பெண்:
மூன்று பக்கம் நீர், ஒரு பக்கம் நிலம்.
"அந்த ஒரு பக்கம் பாயந்தர்" என்றார் இவர்,
அதற்கு நீரே தேவலாம் என்கிற குரலில்.

ஊருக்கும் ஊருக்கும் நடுவே
ஒரு தூக்கம் போடக்கூட நேரமில்லை.
மனோரியில் தெருமுனைச் சிலுவைக்குச் சாமந்தி மாலை.
கொராயில் கல்யாண நாற்காலிகளை
படுத்திருந்த நாயைத் தாண்டித் தாண்டி இறக்கினார்கள்,
அதை எழுப்ப யாருக்கும் மனம் வரவில்லை.
உத்தனில் மூங்கில் கொடி நெடுக
பொம்பில் காய்ந்தது,
இரண்டிரண்டாய், வாயோடு வாய் கோத்து,
சண்டை நடுவில் வெயில் பிடித்த தம்பதிகளாய்.
நான் இவரைப் பார்க்கவில்லை.
இவரும் என்னை.

திரும்புகையில் நீர் வற்றி
கழியின் நடுவே படகு சேற்றில் தட்டி நின்றது.
எதிரே எங்கள் கட்டடத்தைத் தேடினோம்.
பதினெட்டு மாடி, வெளிர்மஞ்சள்.
அங்கே எல்லாமே பதினெட்டு மாடி, வெளிர்மஞ்சள்.
கொடியில் என் பச்சைச் சேலை கிடக்கிறது,
அது தெரிந்தால் போதும் என்றேன்.

மீன்கூடையில் சாய்ந்திருந்த ஒருத்தி
பேரைக் கேட்டாள், சொன்னோம்.
எழாமலே கையை நீட்டினாள்:
"அதோ, மேல்தொட்டி ஒரு பக்கம் சாய்ஞ்சு நிக்குதே, அது.
வியாழக்கிழமை ஏழு மாடி ஏறுவேன்.
கூடைக்கு லிஃப்ட் கிடையாதே."
மராத்தியும் இந்தியும் கலந்து சொன்னாள்,
குறையாக அல்ல, வழி சொல்வது போல.

"நீங்க எங்க போயிட்டு வர்றீங்க?"
சுற்றிப் பார்க்க, என்றேன்.
"எதை?"

உள்ளபடியே தெரியாமல்தான் கேட்டாள்.
மகிழ்மொழி உத்தன் என்றாள், மனோரி என்றாள்,
பிறகு நிறுத்திக்கொண்டாள்.

யாரும் தள்ளாமலே நீர் ஏறியது.
மார்வேயில் கூடையின் ஒரு காதைப் பிடித்து
இவர் இறக்கிக் கொடுத்தார். கனம் போலிருக்கிறது,
முகம் சிவந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து
ஐந்தாம் மாடிப் பொத்தானை அழுத்த
மூவரில் யாரும் முந்தவில்லை.
கதவு தானாகவே மூடிக்கொண்டது.