ஆயில் செலவு பாதி

இருபதாவது கொண்டை ஊசி வளைவில்
லூர்துராஜ் மூன்றாம் முறையாகப் போனில்:
"அக்கா, இன்னிக்கும் அதே இடம்.
மான் பூங்காகிட்ட திரும்பறப்ப
தொண்டை கட்டுது, முனகுது, நிக்குது.
நாலு டூரிஸ்டு, நடு ஏரி,
துடுப்புப் போட்டுக் கொண்டாந்தேன்."

எனக்குத் தெரிந்ததெல்லாம் கரை எஞ்சின்.
காப்பித் தோட்டத்து மருந்தடிப்பான்,
சில்வர் ஓக் அறுக்கும் ரம்பம்,
குகைப் பக்கம் இன்னும் ஓடும் ஒரு கிழட்டு ஸ்கூட்டர்.
இது தண்ணீரில் கால் நனைத்து நிற்கிறது, அவ்வளவுதான்.
வயிறு அதே வயிறு:
சேர்த்துவைக்கத் தெரியாத வயிறு.
வருகிற ஆயில் வந்த கையோடு எரிந்துவிடும்.
நேற்றுக் குடித்தது இன்றைக்கு ஆகாது.

ப்ளக்குகளைக் கழற்றினேன்.
மேல் சிலிண்டரில் பால் கம்மியாக ஊற்றிய காப்பி நிறம்.
கீழ் சிலிண்டரில்
கழுவிப்போட்ட எலும்பு மாதிரி வெளுப்பு,
முனையில் மிளகுப்பொடியாய் அலுமினியம்.
கம்ப்ரஷன் மேலே நூற்றுப் பதினைந்து,
கீழே தொண்ணூறைத் தாண்டவில்லை.
எக்ஸாஸ்ட் வாய்க்குள் டார்ச் அடித்தேன்:
பிஸ்டன் விலாவில் நெடுக நகக்கீறல்.

"பட்டினி போட்டிருக்கீங்க."
"தொட்டி ஃபுல்லுக்கா."
ஃபுல்தான்.

பம்ப்பின் பல்லெல்லாம் பத்திரம்.
கேபிள் கோட்டுக்குக் கோடு பொருந்துகிறது.
கண்ணாடிக் குழாயில் ஒரு குமிழி இல்லை.
படித்துறையில் கட்டிப்போட்டுக் கால் மணி ஓட்டினேன்,
ஒரு குறையும் சொல்லாமல் ஓடியது.
நடுநடுவே லூர்து மூடியைத் திறந்தான்,
எட்டிப் பார்த்தான், மூடினான்.
கவனமான பிள்ளை.

குத்தகைக்காரர் வையாபுரி நோட்டைக் காட்டினார்.
"போன சீசன்ல மாசம் எட்டு லிட்டர்.
இப்ப நாலு. பையன் சிக்கனம்."
அதற்காக ஐந்நூறு இனாம் வேறு கொடுத்திருக்கிறார்.
நோட்டை நான் திருப்பிக் கொடுக்கவில்லை.
அந்த நாலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுபடி ஆரம்பித்தேன்.
பெட்ரோலிலேயே லிட்டருக்கு இருபது மில்லி கலந்தேன்,
சோதிக்கிற நேரத்தில் அது செத்துவிடக் கூடாது.
தொட்டியின் ஆயில் மட்டத்தில் செல்லோ டேப் ஒட்டினேன்.
"மூடியைத் தொடாதே" என்றேன்.
லூர்து இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டான்.

நாற்பது நிமிஷம்.
ஏரிமேல் பனி இறங்கி, பெடல் வாத்துகள் காணாமல்போயின.
ஆயில் டேப்பிலிருந்து ஒரு விரல்கடை இறங்கியது.
அப்புறம் இறங்கவே இல்லை.
எஞ்சின் குடிக்கக் கேட்கிறது, தொட்டி இறுக்கிப் பிடித்திருக்கிறது.
ஆயில் தீர்ந்தால் மட்டும் அலறத் தெரிந்த அலாரம்
நிறைந்த தொட்டியைப் பார்த்துச் சும்மா இருந்தது.

மூடியை நானே திருகினேன்.
உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது,
தண்ணீரிலிருந்து தலை தூக்கியவன் போல.
குழாயில் ஆயில் அசைந்தது.

மூடியில் காற்று போக ஒரு துளை உண்டு,
கடுகு நுழையும் அளவு.
அதில் மண் பூசியிருந்தது.
புடவை ஊக்கைக் கழற்றிக் குத்தினேன்.
செம்மண், பிறகு இன்னும் செம்மண்,
பிறகு கால்களை மடக்கிக் காய்ந்த ஒரு சின்னச் சிலந்தி.
ஏதோ ஒரு குளவி
தன் பிள்ளைக்கு வீடு கட்டி, சோறும் வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

திறந்து திறந்து பார்த்தபோதெல்லாம்
லூர்து தெரியாமலே வைத்தியம் பார்த்திருக்கிறான்.
அதனால்தான் யார் வந்து பார்த்தாலும் வண்டி சரியாக இருந்தது.

கீறலை ஊக்கு எடுக்காது.
சிலிண்டரைச் சாக்கில் சுற்றிச் சேலத்துக்கு இறக்கி,
செவ்வாய்ப்பேட்டை லேத்தில் ஹோனிங் போட்டு,
புது ரிங் மாட்டினேன்.
பதினோராம் நாள்.
வையாபுரி பில்லை இரண்டு முறை கூட்டிப் பார்த்தார்.

முதல் சவாரியில் எஞ்சினுக்குப் பின்னால்
மெல்லிய நீலப் புகை பனியோடு சேர்ந்து போனது.
முன்சீட்டு அம்மா சால்வையால் மூக்கைப் பொத்தினார்:
"என்னப்பா இப்படி நாறுது, மோட்டார் ரிப்பேரா?"

"இல்லம்மா" என்றான் லூர்து.
மூடியை நோக்கிக் கை நீட்டி,
பாதியில் எடுத்துக்கொண்டான்.