ஹோல்டான்

காளவாசல் பேட்டரிக் கடைக்கு மேலே
நாற்பது நாற்காலி, ஒரு ஏசி, அதுவும் ஓடாது.
இரவுப் பணி முடித்து, கையில் ஸ்பிரிட் வாசத்தோடு
காலை ஏழரைக்கு வந்து உட்கார்கிறேன்.
பலகையில் ஒரே வினைச்சொல்: புட்.
பக்கத்தில் குட்டி குட்டியாக
ஆன், ஆஃப், அப், அவுட், அவே.

புட் ஆன் என்றால் உடுத்து.
அப்படியானால் புட் ஆஃப் அவிழ்ப்பது என்றேன்.
இல்லையாம், தள்ளிப்போடுவதாம்.
புட் அப் வித் என்றால் சகித்துக்கொள்.
மூன்று பேர் சேர்ந்தால்தான்
சகிக்க முடிகிறது போல.

லுக் ஆஃப்டர் என்பதை
பிறகு பார்க்கிறேன் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.
கவனித்துக்கொள்வதாம்.
எங்கள் வார்டில் கூட்டம் தரையில் படுக்கும் நாட்களில்
இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

விண்ணப்பத்தில் எழுதினேன்,
இரண்டாயிரத்துப் பதினாறில் பாஸ் அவுட் ஆனேன் என்று.
சிவப்பு மையில் திரும்பி வந்தது:
மயங்கி விழுந்தீர்களா? எவ்வளவு நேரம்?
பாக்கியமேரி சிரித்த சிரிப்பில் பேனா உருண்டது.
நான்கு வருடம் படித்து, தொப்பி மாட்டி,
போட்டோவுக்கு நின்றபடியே மயங்கிய
ஐம்பது பேரில் அவளும் ஒருத்தி.

வில்லாபுரம் பஸ்ஸில் கண்டக்டர் கத்துகிறார்:
ஹோல்டான், ஹோல்டான், பூக்கூடை இறங்குது!
என் புத்தகத்தில் அது போனில் சொல்வது:
இரு, வைத்துவிடாதே.
இவர் வாயில் அது பிரேக்.
எந்தப் பரீட்சையும் எழுதாமல்
பஸ் நிற்கிறது.

ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டேன்.
மூடிக்கொண்டேன்.
இந்தக் கொண்டேன் எதைக் கொண்டது?
சொல்லிப் பார், சொல்லி வை, சொல்லி விடு, சொல்லித் தொலை.
பார்ப்பதும் இல்லை, வைப்பதும் இல்லை, தொலைவதும் இல்லை.
விடுமுறைக்கு வரேன்னியே, வந்து தொலை என்கிறாள் அம்மா.
வா என்பதும் காணாமல் போ என்பதும் ஒரே மூச்சில்.
லண்டனில் ஒருத்தி அர்த்தம் கேட்டால் என்ன எழுதுவேன்?
மீன் குழம்பு எடுத்து வைத்திருக்கிறேன் என்றா?
அதிலும் ஒரு வைத்து.

ஒன்பதாம் கட்டில். உசிலம்பட்டிப் பக்கம்.
தூங்கும்போது கட்டுவிரியன்.
இமை திறக்கவில்லை, மூச்சு மெஷினில்.
மூன்று இரவாக ஒச்சம்மாள் கேட்டது ஒரே கேள்வி:
போயிருவாரா?
பாஸ் அவே என்று புத்தகத்தில் இருக்கிறது.
கடந்து, அப்பால்.
அப்பால் என்பது எந்த ஊர் என்று அதில் இல்லை.
டாக்டர் பாத்துக்கிட்டிருக்காரு என்றேன்.
என்னிடம் இருந்த ஆங்கிலம் எதுவும்
அந்த அம்மாளுக்கு உதவாது, எனக்கும்தான்.

நாலாம் நாள், விடிய ஒரு மணி நேரம் இருக்கும்,
என் விரலை அவர் அழுத்தினார்.
இமைக்குக் கீழே ஒரு கீற்று வெள்ளை.
கம் ரவுண்ட். சுற்றிக்கொண்டு வருவது.
எவ்வளவு தூரம் சுற்றினாரோ.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றவள் கேட்டாள்:
வந்துட்டாரா?
வந்துட்டாரு.

குழாய் எடுத்த அன்று
மகனுக்குப் போன் போட்டாள்.
இருடா, வச்சிறாத, அப்பா பேசுறாரு.
அவர் வாயருகே போனைப் பிடித்தாள்.
காற்றுதான் வந்தது, கொஞ்சம் கரகரப்பு.
அந்தப் பக்கம் வைக்கவில்லை.

அன்றைய வகுப்பில் கிவ் அப், கிவ் இன், கிவ் அவே.
எது எதை விட்டுக்கொடுப்பது என்று கேட்பதற்குள்
தலை மேஜையில் சாய்ந்துவிட்டது.
சார், இவ பாஸ் அவுட் என்றான் பின்பெஞ்சில் ஒருவன்.
பாக்கியமேரி திருத்தியது அரைத்தூக்கத்தில் கேட்டது:
இல்ல, டோஸ் ஆஃப்.