அனுமதி இலவசம்

மூன்று நாள் மாநாடு.
முதல் இரண்டு நாளும்
கழுத்தில் அட்டை தொங்குபவர்களுக்கு.
சனிக்கிழமை பிற்பகல் மட்டும் எல்லோருக்கும்:
இரண்டு மணிக்கு வரைபட உரை,
மூன்றுக்கு முற்றத்தில் போர்க்களச் சமையல் வண்டி,
நான்குக்கு
"உங்கள் வீட்டில் கிடக்கும் போரைக் கொண்டு வாருங்கள்."
சுவரொட்டியில் அப்படி எழுதியவன் யெர்னே.
எனக்கு அந்த வரி பிடிக்கவில்லை.
மொழிபெயர்ப்பவளை யார் கேட்கிறார்கள்.

டோல்மின் பண்பாட்டு இல்லத்தில் நூற்றிருபது நாற்காலி.
வெளியே அக்டோபர் மழை.
சோச்சா ஆறு தன் பச்சையைத் தொலைத்துவிட்டு
சாம்பல் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது.
வரைபடத்துக்குப் பதினேழு பேர்.
சூப்புக்கு வரிசை தபால் நிலையம் வரை;
ஒருவர் பாத்திரமே கொண்டுவந்திருந்தார், மூடியோடு.

நான்கு மணிக்கு மேசை நிறைந்தது.
எண்பது வருஷம் அவரைக்கொடி ஏறிய முள்வேலிக் கம்பி,
பித்தளைத் தோட்டா உறை, உள்ளே காய்ந்த லாவெண்டர்,
யாரோ தின்று தேய்ந்த கரண்டி,
பிளாஸ்டிக் பையில் ஒரு பல்.
மாட்டுப்பல் என்றதும்
அதைக் கொண்டுவந்த பையனுக்கு முகம் விழுந்துவிட்டது.

அப்புறம் ஸ்வோன்கா ஸ்கோச்சிர்.
லீவெக் மேட்டில் தேனீயும் கோழியும் வளர்ப்பவள்,
ரப்பர் காலணியைக்கூட மாற்றாமல் வந்தாள்.
கையில் தலைக்கவசம். தவிட்டு வாசம்.
"எங்கள் கோழிகள் இதில்தான் தண்ணீர் குடிக்கின்றன.
உச்சியில் கொண்டை இருப்பதால் மல்லாத்தினால் நிற்காது,
பழைய டயருக்குள் உட்கார்த்தி வைத்திருக்கிறோம்.
ஆறு மணிக்குள் திருப்பித் தந்துவிடுவீர்களா?"
இத்தாலியனில் சொன்னேன்.
பேராசிரியர் விசின்தின் சிரிக்கவில்லை.
அதற்காகவே அவரை எனக்குப் பிடித்தது.

வெள்ளைக் கையுறை. சின்ன டார்ச்.
இரண்டு இடத்தில் தார் பூசியிருந்தது.
கொண்டைக்கு அடியில் இருந்தது
காற்றுக்காகத் தொழிற்சாலை விட்ட பிளவு.
மற்றது தொழிற்சாலை விட்டதல்ல.
தகரம் உள்ளே மடிந்திருக்கிறதா
வெளியே விரிந்திருக்கிறதா என்று
தார் விளிம்பில் விரல் வைத்து மெல்லச் சுற்றினார்,
பார்வையில்லாதவர் ஒரு முகத்தைத் தடவுவதுபோல.
பிறகு என்னிடம்:
குண்டு பின்னாலிருந்து வந்திருக்கிறது.

என் நாக்கில் ஒரு சொல் ஏறி நின்றது.
புறமுதுகு.
ஓடியவனைப் பற்றி மட்டுமே பேசுகிற சொல்;
சுட்டவனைப் பற்றி வாயே திறக்காது.
விழுங்கினேன்.
"பின்பக்கம்" என்றேன்,
அலமாரிக்கும் கதவுக்கும்கூட இருக்கிற பின்பக்கம்.

துரத்தி வந்தவர்களா, அவனுடைய ஆட்களேவா,
தகரம் சொல்லாது என்றார் அவர்.
அதையும் சொன்னேன்.

ஸ்வோன்கா கவசத்தை மேசைமேல் மெதுவாகத் திருப்பினாள்.
கரண்டியை ஆறாக வைத்தாள்.
லாவெண்டர் உறை அவள் வீடு.
"செர்ரி மரங்களுக்குக் கீழே, வேலியோரம் கிடந்தது.
பின்னால் ஆறு என்றால்
முன்னால் எங்கள் வாசல்தானே?"
கொஞ்ச நேரம் அவளே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"அப்படியானால் அவன் எங்கள் வீட்டுக்குத்தான்
வந்துகொண்டிருந்திருக்கிறான்."

பேராசிரியர் ஒரு கையுறையைக் கழற்றினார்.
தாரைச் சுரண்டி எடுத்தால் துளையை அளக்கலாம்,
எந்தத் துப்பாக்கி என்று ஓரளவு சொல்லலாம்,
இரண்டு வாரம் ஆகும், செலவு ஒன்றும் இல்லை.
"ஒழுகுமே" என்றாள்.

பைக்குள் போட்டுக்கொண்டு வாசல் வரை போனவள்
திரும்பி வந்து என்னிடம் மட்டும் கேட்டாள்,
"அன்றைக்கு எங்கள் வீட்டில்
கதவு திறக்க ஆள் இருந்ததா என்று
இவர்களுக்குத் தெரியுமா?"
அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே யெர்னே கேட்டான்:
பொதுமக்கள் எத்தனை பேர், அறிக்கைக்கு வேண்டும்.
சூப்பையும் சேர்த்தால் நூற்று நான்கு.
சூப்பை விட்டால்?
சேர்த்தே எழுது என்றேன்.

ஐந்தே முக்காலுக்கு
ஒற்றை விளக்கு எரியும் வேன் ஒன்று
பாலத்தைத் தாண்டி, மேடு பக்கம் திரும்பியது,
தண்ணீர்ப் பாத்திரத்தோடு.