படத்தின் முதுகு

சுவரைப் பார்த்தபடி நிற்கிறது படம்.
அதன் முதுகைத்தான் நான் படிக்கிறேன்.

ஆன்ட்வெர்ப், 1874, வசந்தக் கண்காட்சி, எண் 212:
"மீன் கழுவும் பெண், பூனையுடன்."
நானூறு பிராங்க். வாங்கியவர்
கயிற்று வியாபாரி லீவன் ஸ்ட்ராத்மன்.

அடுத்த சீட்டு பாதி கிழிந்தது.
கெண்ட் நகர ஏலம், 1911:
"மீன் கழுவும் பெண்."
பூனையைக் காணோம்.

பிறகு சுண்ணக்கட்டியில் ஒரு எண்.
பிறகு நெடுங்காலம் ஒரு எழுத்தும் இல்லை,
ஆணித் துருவின் கறை மட்டும்.

1951இல் எங்கள் அருங்காட்சியகம் வாங்கியிருக்கிறது.
ரசீதில் விற்றவன் கையெழுத்து
கோழி கிளறியது மாதிரி.

பெர்லா ஷென்கர் மூன்றாம் முறையாக எழுதுகிறார்:
"நாற்பத்திரண்டில் எங்கள் வீட்டைக் காலி செய்தவர்கள்
சாப்பாட்டு அறையிலிருந்து கழற்றிப் போனார்கள்.
பூனைப் படம் என்போம்.
ஏன் என்று அப்பாவுக்கும் தெரியாது."

இரண்டு முறை பதில் போட்டோம்:
எங்கள் படத்தில் பூனை இல்லை, அம்மையீர்.
மரியாதையான பதில்தான்.
தட்டச்சு செய்தது நான்.

நேற்று அகச்சிவப்பு விளக்கின் கீழ்
வாளியின் நிழலுக்குள்ளிருந்து
முதலில் ஒரு காது.
அப்புறம் வால்.
அப்புறம்
மீனை விட்டு அகலாத இரண்டு கண்கள்,
அகலத் திறந்தபடி.
இத்தனை வருஷமும்
பூனை கண்ணை மூடவே இல்லை.
இருட்டு எங்களுடையது.

வண்ணம் பூசி மறைத்தது யார்?
ஸ்ட்ராத்மனின் விதவையா, ஏலக்காரனா?
அந்தக் கட்டத்தைக் காலியாக விடுகிறேன்.

இன்றைக்குள் ஒரு கடிதம் போயாக வேண்டும்.
"அம்மையீர்" வரைக்கும் வந்திருக்கிறேன்.