முதுகு?

மேசையில்லை. மாடு கட்டும் சீமெந்துத் தரையில்
சாக்கு விரித்து முழங்காலிட்டேன்.
ஒட்டுசுட்டானில் நான் மாட்டு டொக்டர்.
காலையில் ஆறு பசுவுக்கு ஊசி;
கையில் இன்னும் சாண மணம்.
அதை முகர்ந்துதான் கறுவல் என்னை நம்பினான்.

"வயித்துக்குத்து," என்றார் அமிர்தநாயகி.
"பூச்சிக் குளிசை குடுத்தனான். பாதிப் பனடோலும்."
பனடோல் வேண்டாம் அம்மா, இனி ஒருபோதும்.
வயிறு பலகைதான். ஆனால்
வயிறு இறுகுவது வயிற்றுக்காக மட்டுமல்ல.

எப்ப துவங்கினது? தெரியாது.
சாப்பிடுறானோ? படுத்துக்கொண்டு.
வேறென்ன?
கொஞ்ச நேரம் யோசித்தார்.
"லான்ட்மாஸ்ரர் பெட்டியில ஏறுறானில்லை.
முந்தி நான் கைபிடி சுத்த முன்னம் ஏறி நிப்பான்.
இப்ப கீழ நிண்டு என்னைப் பாக்கிறான்."

இந்த ஒரு வாக்கியத்துக்காக
முக்கால் மணிநேரம் காத்திருக்கலாம்.

பின்பாதத்தைப் புரட்டி வைத்தேன்.
வலதை உடனே திருப்பி ஊன்றினான்;
இடதை, ஏதோ மறந்தது நினைவு வந்ததுபோல.
இடுப்பை மடக்க விட்டான், முழங்காலையும்.

படம் பிடிக்கும் பெட்டி இங்கில்லை.
பெருவிரல் இருக்கிறது.
தோளில் தொடங்கி முள்ளு முள்ளாய் இறங்கினேன்.
நாக்குத் தொங்க இளைத்துக்கொண்டிருந்தான்.
சித்திரை வெயில்; வலியா வெக்கையா, யார் சொல்வது.
கடைசி விலா முடிகிற இடத்தில்
இளைப்பு நின்றது.

கத்தவில்லை. கடிக்கவில்லை.
மேலே தகரம் ஒருமுறை சடசடத்தது.
விரலை எடுத்தேன், மீண்டும் இளைத்தான்.
இன்னொருமுறை வைக்க மனமில்லை. வைத்தேன்.
படிப்பு அப்படி.

ஆறு கிழமை அடைத்து வைக்கவேணும், துள்ளக்கூடாது.
குளிசை வலியைக் குறைக்கும்;
சுகமாகிவிட்டதென்று அவன் நினைப்பான்.
அந்த நாலாம் நாளுக்குத்தான் எனக்குப் பயம்.
எங்கே அடைப்பது?
வீட்டுத்திட்டத்தில் கட்டின குளியலறை இருக்கிறதாம்,
தண்ணீர் வரவில்லை, கதவு உண்டு.
நெல்மூட்டையை வேறிடம் மாற்றலாம் என்றார்.

பதிவேட்டில் நோய் என்ற கட்டம் இரண்டு விரலகலம்.
முதுகு என்றெழுதிக் கேள்விக்குறி போட்டேன்.
அதற்குக் கீழே எருமை, மடிவீக்கம்,
அதில் கேள்வியில்லை.

பத்தாம் நாள் தொலைபேசி.
"மிசின் சத்தம் கேட்டா உள்ள நிண்டு
கதவைப் பிறாண்டுறான் டொக்டர்.
நானும் மகனும் ஒழுங்கை முடியுமட்டும்
தள்ளிக்கொண்டு போய்த்தான் ஸ்ராட் பண்ணுறம்."