பற்றுக்கம்பி

மீட்டர் என் கண்ணுக்கு நேராக இருக்கும்.
பார்வையை அதற்கு மேல் ஏற்றச்
சம்பளம் இல்லை.

ஆனாலும் வைசியாள் வீதி தாண்டி
மூன்றாவது சந்தில் திரும்பியதும்
கழுத்து தானாக நிமிரும்.
அந்த வீட்டு மாடி விளிம்பு
பூசணிக் கீற்று மாதிரி வளைந்து
தெருவுக்குள் அரை முழம் வந்து நிற்கும்.
ஜன்னல் ஒன்றுகூட நேர்கோட்டில் முடியாது,
மேலே போகப் போக மனசு மாறி
இடப்பக்கம் ஒதுங்கி
புருவமாய் அடங்கும்.
கண்ணாடி பச்சை, மஞ்சள்,
உடைந்த இடத்தில் அட்டை.

இணைப்பு இன்னும் மு. சென்னியப்பன் பேரில்.
அவர் செத்து நாற்பது வருசம்.
கரண்ட் அவருக்குத்தான் போகிறது.

போன மாசம் கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகள்
நாடா பிடித்து அளந்தார்கள்.
ஆர்ட் நூவோ என்றான் ஒருத்தன்.
போடா, டெக்கோ என்றாள் அளவு எழுதியவள்.
பேர் முடிவாகும் முன்பே
பரோட்டாக் கடைக்குப் போய்விட்டார்கள்.

நான் பார்ப்பது கேட்டை.
ஏழடி இரும்பு, அதில் ஒரு கொடி.
அடியில் சாட்டை சொடுக்கினாற்போல் கிளம்பி
கம்பிக்குக் கம்பி தாவி
தாழ்ப்பாளைச் சுற்றி
பக்கத்து மதில் கம்பிக்கும் ஓடி
எங்கே முடிகிறதென்று
ஆறு வருசமாகப் பார்க்கிறேன்,
இரண்டு மாசத்துக்கு ஒருக்கா,
நாலு நிமிசம்.

“ஏனம்மிணி, ரீடிங் எச்சாயிருக்குதா?”
உள்ளேயிருந்து மரகதமணியக்கா.
“இல்லீங்க்கா, இது என்ன கொடீங்க?”
“திராட்சையாமா. சீமைப் பொஸ்தகத்துல பாத்து
அடிச்சதுன்னு எங்க மாமனார் சொல்லுவாரு.”

திராட்சைக்குச் சீமை எதற்கு,
தொண்டாமுத்தூர் போதாதா?
அதுவும் இருக்கட்டும்.
படம் வரைந்து பாகம் குறித்த கை இது:
இலையை நம்பக் கூடாது,
திராட்சைக்கும் ஐந்து மூலை, கோவைக்கும் ஐந்து மூலை.
பற்றுக்கம்பியில்தான் குட்டு உடையும்.
திராட்சைக்கு நுனி இரண்டாகப் பிளக்கும்.
கோவைக்கு ஒற்றைச் சுருள்.

பிளந்திருந்தது.
பிளந்திருந்தது.
எண்ணிக்கொண்டே வந்தேன், பதினேழு.
மீட்டர் பெட்டிக்கு அடியில்
யாரும் குனியாத மூலையில்
ஒன்று மட்டும் பிளக்கவில்லை.
ஒற்றையாய் மூன்று சுற்று சுற்றி
வேலியோரத்துக் கோவை எப்படியோ அப்படியே
அடுத்த கம்பியைப் பிடித்திருந்தது.

புத்தகம் பார்த்துப் பார்த்து அலுத்தானோ,
கரி தீர்ந்ததோ,
கூலி போடுகிற சாயங்காலமோ,
கைக்கு வந்ததை அடித்திருக்கிறான்.

சொல்லலாமென்று திரும்பினால்
அக்கா குக்கர் விசிலுக்குப் போயிருந்தார்.

தொட்டேன். வெயிலில் சுட்டது.
கொடியின் விரலுக்குக் கம்பி என்று பேர் வைத்தவன்
இந்தக் கேட்டைப் பார்த்திருக்க மாட்டான்.
பார்த்திருந்தால்
வேறு பேர் தேடியிருக்கவும் மாட்டான்.

நானூற்றுப் பன்னிரண்டு யூனிட்.
வெள்ளை அட்டையில் எழுதி
அந்தச் சுருளில் சொருகினேன்.
பிடித்துக்கொண்டது.

அடுத்த வீட்டில் நாய்.